கறுப்புத் தண்ணீரைக் கடந்து திரும்பியவர்: மவ்லானா ஜஅஃபர் தானேசரியின் ஆயுள் சிறை



தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் ஓதிய எவருக்கும் 'இல்முஸ் ஸீகா' என்னும் கிதாபு நினைவிருக்கும். அரபு வினைச்சொற்களின் வடிவங்களைக் கற்பிக்கும் ஸர்ஃபு நூல் அது. ஃபார்ஸியில் எழுதப்பட்டது, சிறியது, ஆனால் எளியதன்று. அதை ஓதிக்கொடுக்கத் தொடங்கும் நாளில், நூலாசிரியர் முஃப்தி இனாயத் அஹ்மத் காகோரவி (ரஹ்) அவர்களைப் பற்றி மாணவர்களிடம் சில வார்த்தைகள் சொல்வது என் வழக்கம். 1857ஆம் ஆண்டுப் பெரும் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் அவர்களை அந்தமானுக்கு நாடுகடத்தினர். கையில் ஒரு கிதாபுகூட இல்லாத நிலையில், நெஞ்சில் இருந்ததை மட்டும் கொண்டு அந்தத் தீவில் எழுதியதே இந்நூல்.

கடந்த ஷவ்வாலில் பாடம் தொடங்கிய அன்று, முன் வரிசையில் இருந்த ஒரு மாணவர் கேட்டார்: "உஸ்தாத், அந்தமானுக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? இவர்கள் எப்படித் திரும்பினார்கள்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தீவிலிருந்த ஓர் ஆங்கில அதிகாரிக்கு 'தக்வீமுல் புல்தான்' என்னும் அரபுப் புவியியல் நூலின் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. முஃப்தி அவர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். அதுவே விடுதலைக்கு வழியாயிற்று என்று அவர்களின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். ஊர் திரும்பிக் கான்பூரில் 'ஃபைஜே ஆம்' மதரஸாவை நிறுவினார்கள். 1863இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது ஜித்தாவுக்கு அருகே கப்பல் மூழ்கி, கடலிலேயே அவர்களின் முடிவு அமைந்தது.

மாணவர் தலையசைத்தார். எனக்குத்தான் அந்த விடை போதவில்லை. அதே தீவுக்கு அதே காலத்தில் அனுப்பப்பட்ட அல்லாமா ஃபஜ்லுல் ஹக் கைராபாதி (ரஹ்) அவர்கள் மன்திக், ஃபல்ஸஃபா கலைகளில் அக்காலத்தின் தனிப்பெரும் ஆலிம். 1861 ஆகஸ்டில் அங்கேயே வஃபாத்தானார்கள். மகனார் அரும்பாடுபட்டு விடுதலை உத்தரவைப் பெற்றுக்கொண்டு தீவில் இறங்கியபோது ஜனாஸா எதிரே வந்தது என்று ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அது அப்படியே நடந்ததா, துயரம் சேர்த்து வளர்த்த செய்தியா என்பதை அல்லாஹ் அறிவான். ஒருவர் திரும்பினார், மற்றவர் திரும்பவில்லை. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு எது?

இதற்கு விடை தேடினால் நாம் சென்று சேர்வது மூன்றாமவர் ஒருவரிடம். அவர் பெரிய ஆலிமல்லர். மனு எழுதிப் பிழைத்தவர். ஆனால் ஆயுள் கைதியாகத் தாம் கழித்த ஏறத்தாழ 18 ஆண்டுகளைத் தம் கையாலேயே எழுதி வைத்துச் சென்றவர். அவர் மவ்லானா முஹம்மது ஜஅஃபர் தானேசரி. 'தவாரீகே அஜீப்' என்பது அவருடைய உருது நூலின் பெயர். 'காலா பானி' என்றால்தான் பலருக்குத் தெரியும்.

இன்றைய ஹரியானாவில், குருக்ஷேத்திரத்தை அடுத்துள்ள தானேசர் அவருடைய ஊர். 1838இல் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். நீதிமன்ற வாசலில் மனு எழுதுபவராகத் தொடங்கி, சட்ட நுணுக்கங்களைக் கேட்டும் பார்த்தும் கற்று, சிறிது நிலமும் ஊரில் நம்பர்தார் என்னும் மதிப்பும் பெற்றார். வெளிப்பார்வைக்கு ஆங்கில ஆட்சியின் கீழ் நன்றாக வாழ்ந்த ஒரு நடுத்தர மனிதர். உள்ளே வேறொரு வாழ்க்கை இருந்தது. 1831இல் பாலாகோட்டில் ஷஹீதான ஸய்யித் அஹ்மத் அவர்களின் இயக்கம் வடமேற்கு எல்லை மலைகளில் அப்போதும் உயிரோடிருந்தது. பாட்னாவிலிருந்து அங்கே செல்லும் பணத்துக்கும் ஆட்களுக்கும் இடைவழித் தங்கலாகத் தானேசரில் இருந்த இந்த மனு எழுத்தரின் வீடு விளங்கிற்று.

1863இல் அம்பேலா கணவாயில் ஆங்கிலப் படை எதிர்பாராத இழப்புகளைச் சந்தித்தது. அந்தச் சினம் உள்நாட்டில் இருந்தவர்கள்மேல் திரும்பியது. ஒரு போலீஸ்காரர் கொடுத்த தகவலின் பேரில் ஜஅஃபரின் வீடு சோதனையிடப்பட்டது. அவர் தப்பி ஓடினார். தம் இளைய தம்பியை அடித்துத் துன்புறுத்தித்தான் போலீஸார் தடம் கண்டார்கள் என்று எழுதுகிறார். அலிகரில் பிடிபட்டார்.

1864இல் அம்பாலாவில் வழக்கு நடந்தது. நீதிபதி சர் ஹெர்பர்ட் எட்வர்ட்ஸ். குற்றவாளிக் கூண்டில் 11 பேர். ஆங்கிலேயர் இதற்கு 'வஹ்ஹாபி வழக்கு' என்று பெயரிட்டனர். கூண்டில் நின்றவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று அது. மே மாதம் தீர்ப்பு வந்தது. பாட்னாவின் மவ்லானா யஹ்யா அலீ, படைக்கு இறைச்சி வழங்கும் ஒப்பந்தக்காரரான முஹம்மது ஷஃபீ, ஜஅஃபர் ஆகிய மூவருக்கும் தூக்கு. சொத்து முழுவதும் பறிமுதல். உடலைக்கூட உறவினரிடம் தராமல் சிறை வளாகத்திலேயே புதைக்க வேண்டும். ஏனைய எண்மருக்கும் ஆயுள் முழுதும் நாடுகடத்தல்.

உம்மைத் தூக்கில் காண்பது எனக்கு மகிழ்ச்சியளிக்கும் என்ற கருத்தில் நீதிபதி பேசினாராம். உயிரைக் கொடுப்பதும் எடுப்பதும் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, எனக்கு முன்னரே உம்மை அழைத்துக்கொள்ளவும் அவனால் முடியும் என்று ஜஅஃபர் பதில் சொன்னாராம். இது அவருடைய கூற்று மட்டுமே. நீதிமன்றத்தில் அப்படிப் பேச விட்டிருப்பார்களா என்று ஐயப்படுவோரும் உண்டு. எட்வர்ட்ஸ் 1868இல் லண்டனில் இறந்தார் என்பதும், அன்று ஜஅஃபர் போர்ட் பிளேரில் உயிரோடிருந்தார் என்பதும் வரலாறு.

தூக்குக்குக் காத்திருந்த மூவரும் கவலையின்றி இருந்ததைக் காண ஆங்கிலேய ஆண்களும் பெண்களும் சிறைக்கு வந்துபோனார்கள் என்று எழுதுகிறார். ஷஹாதத்தை விரும்பிய அந்த முகங்களே தீர்ப்பை மாற்றின. இவர்கள் சாவைப் பரிசாகக் கருதுகிறார்கள். அந்தப் பரிசை அரசு தரப்போவதில்லை என்ற கருத்துப்பட, மூவரின் தண்டனையும் ஆயுள் முழுதும் நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. தூக்கிலிருந்து தப்பியதைக் கருணை என்பது நம் வழக்கம். இங்கே உயிரை விட்டுவைத்ததுதான் தண்டனை.

தலையும் தாடியும் மழிக்கப்பட்டன. காலில் விலங்கிட்டு லாகூருக்கும், பின் முல்தானுக்கும் கொண்டு சென்றார்கள். சிந்து நதி வழியே கராச்சி, அங்கிருந்து பம்பாய், அருகில் தானேச் சிறை. தீர்ப்பு வந்து ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகச் சிறை விட்டுச் சிறை மாற்றப்பட்டபின், 1866 ஜனவரியில் கப்பல் அவரைப் போர்ட் பிளேரில் இறக்கியது.

நம் மக்கள் அந்தமான் என்றவுடன் ஏழு கைகளாக விரிந்திருந்த செல்லுலார் சிறையையே நினைக்கிறார்கள். அது 1906இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. ஜஅஃபர் இறங்கியபோது அங்கே பூட்டி வைக்கப் பெரிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை. சுற்றிலும் கடல் இருந்தது, கரையில் அடர்காடு இருந்தது. 1858 மார்ச்சில் மருத்துவர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்து தொடங்கிய குடியிருப்பு அது. முதல் சில மாதங்களில் தப்பி ஓடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். எஞ்சியோர் காடு வெட்டினார்கள், சேற்றைத் தூர்த்தார்கள், காய்ச்சலில் செத்தார்கள்.

அடக்குமுறையால் மட்டும் ஒரு குடியேற்றத்தை நடத்த முடியாது என்பதை அரசு விரைவில் உணர்ந்தது. ஆயுள் கைதியிடம் ஓர் இடர் உண்டு: அவனிடமிருந்து பறிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே அவனுக்குச் சிறிது கொடுக்க வேண்டும்; கொடுத்தால்தான் பறிப்பதாக அச்சுறுத்த முடியும். இப்படிப் பிறந்ததே விடுப்புச் சீட்டு முறை. ஆஸ்திரேலியக் கைதிக் குடியிருப்புகளில் அது முன்பே இருந்தது. நார்ஃபோக் தீவில் 1840 முதல் 1844 வரை பொறுப்பிலிருந்த அலெக்சாண்டர் மக்கோனக்கி என்பவர், கைதி தன் உழைப்பாலும் நடத்தையாலும் மதிப்பெண் சேர்த்து விடுதலையை நோக்கி நகரும் முறையொன்றை வகுத்தார். அயர்லாந்தில் சர் வால்டர் கிராஃப்டன் அதை வளர்த்தார். இன்று உலகம் 'பரோல்' என்று அழைக்கும் ஏற்பாட்டின் வேர் இதுவே. பரோல் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருள் 'வாக்கு' என்பதாகும். போரில் பிடிபட்டவன், மீண்டும் ஆயுதம் ஏந்தமாட்டேன் என்று வாக்களித்து வெளியே செல்வான். வாசகர்கள் இப்பொருளைச் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

போர்ட் பிளேரில் வழக்கம் ஏறத்தாழ இவ்வாறு அமைந்தது. ஆயுள் கைதி முதலில் கூட்டு வேலையில் கடும் உழைப்பு உழைப்பான். தவறில்லாமல் ஆண்டுகள் கழிந்தால் வகுப்பு உயரும்; கைதிகளையே மேற்பார்க்கும் கங்காணியாகலாம். ஏறத்தாழ 10 ஆண்டுகள் நற்பதிவோடு கழித்தவனுக்குச் சீட்டு கிடைக்கும். அதற்குப் பின் அவன் 'தற்சார்பாளன்': அரசுச் சோறு இல்லை, தன் நிலம், தன் மாடு, தன் குடிசை. மணம் செய்துகொள்ளலாம், ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைக்கலாம். தீவை விட்டு மட்டும் போக முடியாது. கிராமத்தை விட்டு அனுமதியின்றிப் பெயர முடியாது. ஒரு புகார் வந்தால் சீட்டு பறிபோகும். மறுநாள் மீண்டும் கைதிக் கொட்டடி. 20, 25 ஆண்டுகள் இப்படி நல்லவனாக இருந்தால் ஊர் திரும்பும் விடுதலை குறித்து அரசு யோசிக்கலாம். யோசிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஜஅஃபர் காடு வெட்டவில்லை. படித்த கைதிகள் அரிதாக இருந்த இடத்தில், நீதிமன்ற மொழி அறிந்த ஒரு மனு எழுத்தர் வந்து இறங்கியது அதிகாரிகளுக்கு வாய்ப்பாயிற்று. வந்த சில நாட்களிலேயே அலுவலக எழுத்தராக்கப்பட்டார். பிற கைதிகளின் மனுக்களை எழுதினார். தீவுக்கு வரும் இளம் அதிகாரிகளுக்கு உருதுவும் ஃபார்ஸியும் கற்பித்தார். அவர்களிடமிருந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டார். தீவிலேயே மணம் செய்துகொண்டார். முதல் மனைவி அங்கே இறந்தபின் அல்மோராவைச் சேர்ந்த, இஸ்லாத்தைத் தழுவிய ஒரு பெண்ணை மணந்தார். பிள்ளைகள் பிறந்தனர். போர்ட் பிளேரின் வரலாற்றையும் எழுதினார்.

நூலின் இப்பகுதியைப் படிப்போருக்கு ஒரு திகைப்பு ஏற்படும். சாவை விரும்பிக் கூண்டில் நின்றவரா இவர்? சம்பளத்தைக் கணக்கிடுகிறார். அதிகாரிகளின் நற்குணங்களைப் பெயர் சொல்லிப் புகழ்கிறார். தீவில் எத்தனை வகை மனிதர்கள், எத்தனை மொழிகள், எத்தனை பழக்கங்கள் என்று சுற்றுலா வந்தவரைப் போல வியக்கிறார். ஆங்கில நூல்களில் மூழ்கிக் கிடந்தது தம் வணக்க வாழ்வைத் தளர்த்தியதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். முடிவு தெரியாத தண்டனை மனிதனை என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை. ஐந்தாண்டுத் தண்டனை பெற்றவன் நாட்களை எண்ணுவான். ஆயுள் கைதிக்கு எண்ணுவதற்கு எதுவும் இல்லை. அவன் அங்கேயே ஒரு வாழ்க்கையைக் கட்டத் தொடங்கிவிடுகிறான். கட்டியதைக் காப்பாற்ற வேண்டுமே என்ற அச்சமும் அன்றே தொடங்கிவிடுகிறது.

அவருடன் தீர்ப்புப் பெற்ற யஹ்யா அலீ அவர்கள் 1868இல் அங்கேயே வஃபாத்தானார்கள். பாட்னா வழக்கில் 1865இல் தண்டிக்கப்பட்ட அவர்களின் சகோதரர் மவ்லானா அஹ்மதுல்லாஹ் 1881 வரை அங்கே வாழ்ந்து, விடுதலை காணாமலே கண் மூடினார்கள். இடையில் கைராபாதி அவர்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. ஸய்யித் அஹ்மத் அவர்களின் தோழரான ஷாஹ் இஸ்மாயீலின் கருத்துகளைக் கடுமையாக மறுத்து எழுதியவர்கள் அவர்கள். அம்பாலாக் கைதிகளோ அதே ஷாஹ் இஸ்மாயீலின் வழியினர். மேடைகளில் இன்றும் தொடரும் அந்தச் சர்ச்சையின் இரு தரப்பாருக்கும் அரசு ஒரே தீவில்தான் இடம் ஒதுக்கியது.

1872 பிப்ரவரி 8 மாலை அனைத்தும் குலைந்தது. கைதிக் குடியிருப்பைப் பார்வையிட வந்த வைசிராய் மேயோ பிரபு, ஹாரியட் குன்றிலிருந்து இறங்கி ஹோப்டவுன் துறையில் படகேறும் வேளையில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் ஷேர் அலீ அஃப்ரீதி, கைபர் பகுதிக்காரர். குடும்பப் பகையில் கொலை செய்ததற்காக ஆயுள் முழுதும் நாடுகடத்தப்பட்டவர். அவரால் ஹோப்டவுனில் தடையின்றி நடமாட முடிந்ததற்குக் காரணம் அவருடைய நன்னடத்தைதான். நல்ல கைதி என்று நம்பி நாவிதர் வேலை கொடுத்திருந்தார்கள். மார்ச் 11 அன்று வைபர் தீவில் தூக்கிலிடப்பட்டார். முந்தைய செப்டம்பரில்தான் கல்கத்தாவில் தலைமை நீதிபதி நார்மன் ஒரு முஸ்லிமின் கையால் கொல்லப்பட்டிருந்தார். ஆகவே தீவிலிருந்த அம்பாலா, பாட்னாக் கைதிகள்மேல் ஐயம் விழுந்தது. சதிக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. கட்டுப்பாடுகள் மட்டும் இறுகின. ஒருவர் செய்த செயலுக்கு, நன்னடத்தை என்ற சொல்லை நம்பி ஆண்டுகளைக் கழித்த ஆயிரக்கணக்கானோர் விலை கொடுத்தார்கள். இன்றும் பரோலில் சென்ற ஒருவர் தவறிழைத்தால் எல்லாருடைய விடுப்பையும் நிறுத்தச் சொல்லும் குரல் எழுகிறதல்லவா? அக்குரல் பழையது.

ரிப்பன் பிரபு வைசிராயாக வந்தபின் காற்று மாறியது. எல்லை அமைதியாக இருந்தது. இயக்கம் உள்நாட்டில் ஒடுங்கியிருந்தது. கைதிகள் முதுமையை எட்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சியிருந்தவர்களை விடுவிக்க அரசு முடிவு செய்தது. 1883 நவம்பரில் ஜஅஃபர், தீவில் பெற்ற மனைவியோடும் பிள்ளைகளோடும் கப்பலேறினார். பாட்னாவின் மவ்லானா அப்துர் ரஹீம் அவர்களும் அவ்வாண்டில்தான் ஊர் திரும்பினார்கள்.

26 வயதில் விலங்கு பூண்டவர் 45 வயதில் அம்பாலாவில் இறங்கினார். நிலமும் வீடும் போய் இருபது ஆண்டுகளாகிவிட்டன. விடுதலை என்ற சொல்லையும் அளந்தே கொடுத்திருந்தார்கள்: போலீஸ் கண்காணிப்பில் இருக்க வேண்டும், விரும்பிய ஊருக்கு விரும்பியபடி போக முடியாது. அப்போது அம்பாலாப் படைமுகாமில் நீதித்துறை அதிகாரியாக இருந்த கேப்டன் டெம்பிள் அவரைத் தமக்கு மொழி கற்பிக்க அமர்த்திக்கொண்டார். பஞ்சாப் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே ரிச்சர்ட் டெம்பிள்தான். 1894இல் அவரே அந்தமானின் தலைமை ஆணையராகிப் போர்ட் பிளேருக்குச் சென்றார்.

'தவாரீகே அஜீப்' இந்நிலையில் எழுதப்பட்டது. வாசிப்போர் இதை மறந்துவிடக்கூடாது. சிலர் இந்நூலை வீரகாவியமாகப் படிக்கிறார்கள். அம்பாலாத் தூக்குக் கொட்டடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் அதிகாரிகளைப் புகழும் பக்கங்களை மட்டும் எடுத்துக்காட்டி, இவர் விலைபோனவர் என்கிறார்கள். இரண்டும் பாதிப் படிப்பே. கண்காணிப்பில் இருப்பவர் எழுதிய பக்கங்கள் இவை. ஒவ்வொரு வரியையும் காவல் துறை படிக்கக்கூடும் என்று அறிந்தே எழுதியிருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் அடுத்த அறையில் இருக்கிறார்கள்.

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்றுண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஜஅஃபர், ஸய்யித் அஹ்மத் அவர்களின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி, அவர்களின் கடிதங்களையும் அதில் சேர்த்தார். பின்வந்த ஆய்வாளர்கள் பழைய கைப்பிரதிகளோடு அவற்றை ஒப்பிட்டபோது, மூலத்தில் ஆங்கிலேயரைக் குறித்த சில இடங்கள் சீக்கியரைக் குறிப்பனவாக மாற்றப்பட்டிருந்தன. இயக்கம் சீக்கிய அரசை மட்டுமே எதிர்த்தது, ஆங்கிலேயர்மேல் அதற்குப் பகை இல்லை என்ற தோற்றம் அதனால் உண்டாயிற்று. பல்லாண்டுகள் அந்தத் தோற்றமே வரலாறாகக் கருதப்பட்டது. பரோல் என்றால் வாக்கு என்று முன்பு சொன்னேன். ஜஅஃபர் எந்த வாக்கைக் கொடுத்து வெளியே வந்தாரோ, அது அவருடைய நூல்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. தம் வாக்கோடு, மறைந்துபோன தம் தலைவரின் வாக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

நம் நாட்டின் இன்றைய சட்டத்தைக் குறித்தும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியுள்ளது. குடும்பத்தில் ஒருவர் சிறையில் இருக்கும் வீட்டார் பலர் பள்ளிவாசலில் என்னிடம் துஆச் செய்யக் கேட்கும்போது, "பதினாலு வருஷம் முடிஞ்சா விட்டுடுவாங்கதானே, ஹஜ்ரத்?" என்கிறார்கள். அப்படியன்று. 'ஆயுள் முழுதும் நாடுகடத்தல்' என்ற தண்டனை 1955ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் 'ஆயுள் சிறை' என்று மாறியது. 1956 முதல் அதுவே நடைமுறை. ஆயுள் என்றால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் என்று உச்ச நீதிமன்றம் 1961இல் கோபால் வினாயக் கோட்சே வழக்கில் தெளிவாக்கியது. 14 என்ற எண் வேறிடத்திலிருந்து வந்தது: மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்திற்காக ஆயுள் தண்டனை பெற்றவரை, 14 ஆண்டுகள் உள்ளே கழிக்கும் முன்னர் தண்டனைக் குறைப்பால் விடுவிக்கக்கூடாது என்று 1978இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அது தாண்டக்கூடாத கீழெல்லை மட்டுமே. 14 முடிந்தவுடன் கதவு திறக்கும் என்று அது சொல்லவில்லை. அரசு மனம் வைக்க வேண்டும். நம் பேச்சில் பரோல் என்பதும் மேலைநாட்டுப் பரோலிலிருந்து வேறானது. அங்கே அது எஞ்சிய தண்டனையை வெளியே கழிப்பது. இங்கே சில நாள் விடுப்பு: தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு விதிகளில் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று இரண்டுண்டு. மையித்து வீட்டுக்கோ பிள்ளையின் நிக்காஹுக்கோ போலீஸ் துணையோடு வந்து, குறித்த நேரத்தில் திரும்ப வேண்டும். துஆக் கேட்டு வருவோரிடம் துஆவோடு இதையும் சொல்லி, வழக்கறிஞரை அணுகுமாறு அனுப்புகிறேன். பொய்யான நம்பிக்கையைக் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

இவற்றையெல்லாம் வாசித்து முடித்தபின், அடுத்த வாரம் வகுப்பில் அந்த மாணவருக்கு நீண்ட விடையைச் சொன்னேன். கடிதங்களை மாற்றிய செய்திக்கு வந்தபோது அவர் முகம் சுருங்கியது. "அப்படியானால் அவர் செய்தது சரியா, உஸ்தாத்?" என்று கேட்டார்.

சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூலத்தை மாற்றுவது அமானிதத்தில் கை வைப்பதாகும். கிதாபு ஓதிக்கொடுக்கிறவன் அதில் தளர்வு காட்டலாகாது. ஸூரா யூஸுஃபைத் திறக்கச் சொன்னேன். அரசனிடமிருந்து விடுதலைச் செய்தியோடு தூதர் வந்தபோது யூஸுஃப் (அலை) அவர்கள் சிறையை விட்டு எழவில்லை. அந்தப் பெண்களின் செய்தி என்னவாயிற்று என்று விசாரித்து வருமாறு தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். தம்மீது விழுந்த பழி நீங்கும் வரை அவர்களுக்கு வாசல் திறந்திருந்தும் திறக்கவில்லை. அம்பாலாவின் கைதிக்கு அப்படியொரு விசாரணையைக் கேட்க எவரும் வாய்ப்பளிக்கவில்லை. கேட்டிருந்தால் கப்பல் அவரை விட்டுவிட்டுப் போயிருக்கும்.

பிறகு, ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தியை நினைவூட்டினேன். யூஸுஃப் (அலை) அவர்களின் பொறுமையைப் பற்றிப் பேசுகையில் அண்ணலார் (ஸல்) அவர்கள், அவ்வளவு காலம் நான் சிறையில் இருந்திருந்தால் அழைக்க வந்தவருக்கு உடனே இணங்கியிருப்பேன் என்ற கருத்தில் கூறியிருக்கிறார்கள். அது பணிவால் கூறப்பட்டது என்று ஷரஹுகளில் விளக்கம் உண்டு. அந்த விளக்கத்தையும் சொன்னேன்.

வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பின் வரிசையில் ஒருவர், தானேசரி எப்போது வஃபாத்தானார் என்று மட்டும் கேட்டார். 1905 என்றேன். ஓரத்தில் குறித்துக்கொண்டார்கள். இல்முஸ் ஸீகாவில் விட்ட இடத்தைத் திறந்தோம்.